நல்ல நேரத்துக்காக எடுத்த காசு

1. கட்டணம் விழுந்த காலை

மே மாதத்தின் முதல் வேலை நாள். செக்யூரிட்டிக்காரர் இரும்புக் கதவைத் தள்ளி முடிப்பதற்குள் காமாட்சி அக்கா உள்ளே வந்துவிட்டார். ஒரு கையில் சொட்டும் குடை, மறு கையில் போன். போனை மேசையில் வைக்கவில்லை. என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மிஸ், எங்க காச யாரோ எடுத்துட்டாங்க. ஒறங்கி எந்திரிச்சுப் பாக்குறேன், மெசேஜ் வந்து கெடக்கு."

வாங்கிப் பார்த்தேன். எடுத்தது திருடன் இல்லை, நாங்கள்தான். மாதாந்த சேவைக் கட்டணம் அறவிடப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதன் கீழே இன்னொரு வரி இருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. மகுடக் கணக்குக்கான தகுதி நீங்கிவிட்டது என்றது அந்த வரி.

அவருக்குப் பின்னால் பேக்கரி முதலாளி, அவருக்குப் பின்னால் ஹாட்வெயார்க் கடைக்காரர். எல்லார் கையிலும் போன்.

"நம்ம காசு பேங்குல தூங்குறதுக்கு நம்மளே வாடகை குடுக்கணுமா மிஸ்?" என்றார் பேக்கரி முதலாளி. "அப்ப தலகாணிக்கி அடியிலயே தூங்கட்டுமே. அங்க வாடகை இல்ல."

வரிசை சிரித்தது. காமாட்சி அக்கா சிரிக்கவில்லை. நான் அவருடைய கணக்கைத் திரையில் திறந்தேன். ஏப்ரல் நடுவில் சில நாட்கள் கணக்கு காலியாகக் கிடந்தது, கோடையில் ஓடை கிடப்பதுபோல, கல் தெரிய.

"அக்கா, வருசப் பொறப்புக்கு முன்னாடி காச எல்லாம் எடுத்தீங்களா?"

"எடுத்தேன். திருப்பிப் போட்டேனே! நீங்கதானே பக்கத்துல நின்னு கைதட்டுனீங்க?"

உண்மைதான். கைதட்டினேன்.

"ஒத்த ரூபா செலவழிக்கல மிஸ். கட்டணம் போனா போவுது, விடுங்க. எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு ஒப்பரேஷன் அடுத்த மாசம் செஞ்சுக்கலாம்னு சொன்னீங்களே, அது இருக்குல்ல?"

வெளியே மழை வலுத்தது. கரவனெல்லவுக்குப் போகும் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே போனது. நான் போனை அவர் பக்கம் திருப்பி, கீழ் வரியைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன்.

2. மகுடம்

கேகாலைப் பக்கம், இறப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சின்னக் கடைவீதிக் கிளை எங்களுடையது. இருபது வருடத்துக்கும் மேலாக வங்கி வேலை. பல ஊர், பல மேசை. இந்தக் கிளையில் தமிழ் பேசும் மேசை ஒன்றுதான், அது என்னுடையது. தோட்டத் தொழிலாளர் வீடுகளான லயத்திலிருந்து இறங்கி வருகிறவர்கள் டோக்கன் எடுக்காமலே நேரே என்னிடம் வருவார்கள். டோக்கன் எடுக்கச் சொன்னால், "ஒங்ககிட்ட வர்றதுக்கும் டோக்கனா?" என்று வருத்தப்படுவார்கள். வங்கிக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் இதைப் படித்தால் நல்லது என்றுதான் எழுதுகிறேன். களைத்துப்போய் எழுதுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மகுடக் கணக்கு என்பது எங்கள் வங்கி கொண்டுவந்த உயர்தரக் கணக்கு. ஒரு குறிப்பிட்ட தொகையைக் கணக்கில் வைத்திருந்தால் மாதக் கட்டணம் இல்லை. செக் புத்தகம் இலவசம். வட்டியும் ஒரு துளி அதிகம். வரிசையில் நிற்க வேண்டாம், தனி மேசை, மெத்தை நாற்காலி. எல்லாவற்றையும்விடப் பெரிய சலுகை வைத்தியச் செலவு: தொடர்ந்து ஆறு மாதம் தகுதியோடு இருந்தால், கணக்குக்காரருக்கோ கணவன் மனைவிக்கோ தனியார் ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செலவை வங்கியின் காப்புறுதி ஏற்கும். தொகை எந்த நாளிலாவது அந்த அளவுக்குக் கீழே இறங்கினால் அந்த மாதம் கட்டணம் விழும். ஆறு மாதக் கணக்கும் முதலில் இருந்து ஆரம்பிக்கும்.

காமாட்சி அக்கா கார்த்திகை மழையில் வந்து இந்தக் கணக்கைத் திறந்தார். தோட்டத்தில் பேர் பதிந்து உழைத்து ஓய்வு பெற்றபோது வந்த ஈபிஎஃப், புருஷனுடைய ஈபிஎஃப், குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன மகள் அனுப்பியது, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த காசு. மகள் அனுப்பியதே அப்பாவின் கண்ணுக்காக. அக்காவின் புருஷன் வேலாயுதம் அண்ணனுக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அவர் கைக்காசுக்குப் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்தார். இறப்பர் மரத்தில் பட்டையை மட்டும் சீவ வேண்டும். கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், அந்தக் காயம் ஆறி மரம் பழையபடி பால் தர வருடங்கள் ஆகும். பார்வை மங்கிய கையில் கத்தி ஆழமாகப் போகத் தொடங்கியிருந்தது. தோட்டத்தில் வேலை பார்க்கவைக்கும் கணக்கப்பிள்ளை ஒருமுறை எச்சரித்துவிட்டார்.

"அரசாங்க ஆஸ்பத்திரியில நாள் குடுத்திருக்காங்க, ரொம்பத் தள்ளி. கொழும்புக்குப் போனா ஒடனே செய்யலாம், காசு கரஞ்சிரும்" என்றார் அக்கா. "பேங்கே குடுக்கும்னா இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கிட்டாப் போச்சு. காசும் கரையாது, கண்ணும் தெரியும். ரோட்டோரமா ஒரு துண்டுக் காணி பாத்து வச்சிருக்கோம் மிஸ். லயத்த விட்டு வெளிய வரணும்ல?"

கெட்டிக்காரத்தனமான யோசனை. நான் விதிகளைச் சொன்னேன். "இந்தத் தொகைக்குக் கீழ போவக் கூடாது அக்கா" என்று விரலை மேசையில் கோடாக இழுத்துக் காட்டினேன். அவரும் விரலால் அந்தக் கோட்டை ஒருமுறை தடவினார். "செலவழிக்கவே மாட்டேன் மிஸ். சாமி மேல சத்தியம்."

சத்தியத்தைக் காப்பாற்றினார். அங்கேதான் பிரச்சினை.

3. நல்ல நேரம்

தை, மாசியில் இறப்பர் மரம் இலை உதிர்க்கும். காடு முழுக்கச் செம்பழுப்பு. நடந்தால் காலடியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம். பங்குனியில் தளிர் வரும். அந்தத் தளிரோடு சித்திரைப் புத்தாண்டும் வரும். எங்கள் கடைவீதியில் சிங்களவர், தமிழர் எல்லாருக்கும் ஒரே பண்டிகை, ஒரே பட்டாசு, கிட்டத்தட்ட ஒரே நல்ல நேரம். புது வருடத்தில் கொடுக்கல் வாங்கலை நல்ல நேரத்தில் தொடங்குவதைச் சிங்களத்தில் கனுதெனு என்பார்கள். நாம் கைவிசேஷம் என்போம். வெற்றிலையில் வைத்த காசு கை மாறும். அந்தக் காசு வருடம் முழுக்கப் பெருகும் என்று நம்பிக்கை.

வங்கிகளும் இதை விடுவதில்லை. ஒவ்வொரு வருடமும் வாசலில் குத்துவிளக்கு, மேசையில் பாற்சோறு, கொக்கிஸ் பலகாரம், வாழைப்பழம். "புது வருடத்தின் முதல் வைப்பை எங்களிடம் செய்யுங்கள்" என்று மூன்று மொழியிலும் பனர் கட்டுவோம். முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கி வைத்துத் தோட்டத்துப் பாதை முழுக்கச் சொல்லவும் அனுப்புவோம்.

நல்ல நேரத்தில் காசு போட வேண்டும் என்றால் கையில் காசு இருக்க வேண்டும். காசோ ஏற்கனவே வங்கியில். ஆகவே ஆட்கள் என்ன செய்வார்கள்? பண்டிகைக்கு முந்தின கடைசி வேலை நாளில் வந்து எடுப்பார்கள். சாமி படத்துக்கு முன்னால் மஞ்சள், வெற்றிலையோடு வைப்பார்கள். விடுமுறை முடிந்து வங்கி திறக்கும் நல்ல நேரத்தில் கொண்டுவந்து போடுவார்கள். வருடா வருடம் நடப்பதுதான். மகுடம் வருவதற்கு முன்பு இதனால் யாருக்கும் ஒரு சேதமும் இல்லை. இது மகுடம் வந்த பிறகு வந்த முதல் சித்திரை.

மற்றவர்கள் கொஞ்சம் எடுத்தார்கள். காமாட்சி அக்கா கணக்கு மூடிவிடாத அளவுக்கு மட்டும் விட்டுவிட்டு மிச்சம் முழுவதையும் எடுத்தார். அன்றைக்குக் கூட்டம் வாசல்வரை நின்றது, காசுக் கவுண்டரில் டெலர் பிள்ளை தலையைத் தூக்காமல் எண்ணி எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கட்டணம் விழுந்த பிறகு நான் காமாட்சி அக்காவிடம் கேட்டேன், ஏன் அக்கா எல்லாவற்றையும் எடுத்தீங்க என்று.

"பாதிக் காசுக்கு மட்டும் நல்ல நேரம் பாத்தா, மிச்சக் காசு என்னா பாவம் பண்ணுச்சு மிஸ்?" என்றார்.

நல்ல நேரத்தில் முதல் ஆளாக வந்து நின்றவர் அவர்தான். நீலப் பட்டுச் சேலை, தலையில் கனகாம்பரம். வெற்றிலைக்கு மேல் கட்டுக் கட்டாகக் காசு. மெனேஜர் இரண்டு கையாலும் வாங்கினார். நாங்கள் எல்லாரும் வரிசையாக நின்று கைதட்டினோம். யாரோ படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் அக்கா சிரிப்பதைப் பார்த்தால் மகளுக்குக் கல்யாணம் என்று நினைப்பீர்கள்.

அந்தச் சிரிப்புக்குச் சில நாட்கள் முன்பே கணக்கு கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. சிஸ்டத்துக்கு வெற்றிலை தெரியாது.

4. கொழும்பு எழுதிய பதில்

மெனேஜரிடம் போனேன். சிங்களவர், நல்ல மனிதர். ஓய்வுக்கு இன்னும் கொஞ்சக் காலமே இருந்தது. எந்தச் சண்டையையும் புதிதாகத் தொடங்கப் பிடிக்காத காலம் அது. முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பவ் தமய் மிஸ்" என்றார். பாவம்தான் என்று அர்த்தம். "ஆனா சிஸ்டம் விடாதே."

"சேர், வந்து போடுங்கன்னு கூப்பிட்டது நாமதான். ஒலிபெருக்கி வச்சுக் கூப்பிட்டோம்."

"போடச் சொன்னோம் மிஸ். எடுக்கச் சொல்லலையே."

சொல்லிவிட்டு அவரே சங்கடமாகச் சிரித்தார். பிறகு, "கொழும்பு ஹெட் ஒபிசுக்கு எழுதுங்க, நான் சைன் வைக்கிறேன்" என்றார்.

எழுதினேன். கனுதெனு என்றால் என்ன, காசு எத்தனை நாள் வெளியே இருந்தது, ஒரு சதம்கூடச் செலவாகவில்லை, கணவருக்கு ஒப்பரேஷன் தேவை, இது ஐந்தாவது மாதம் என்று எல்லாம் எழுதினேன். கூடவே அந்தப் படத்தையும் அனுப்பினேன். இந்தப் பெண் காசைக் கொண்டுபோகவில்லை, கொண்டுவந்தார் என்று கொழும்பு கண்ணால் பார்க்கட்டும் என நினைத்தேன்.

பதில் வரும்வரை அக்கா வாரா வாரம் வந்தார். மகுடத் தகுதி போனதால் தனி மேசையில் உட்கார முடியாது, ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். "வந்துருச்சா மிஸ்?" என்று கேட்கமாட்டார், புருவத்தைத் தூக்குவார். நான் தலையசைப்பேன். அவர் எழுந்து போவார். எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். வங்கி வேலையில் வாய் வலிக்கும் நாட்கள் உண்டு, கழுத்து வலிக்கும் நாட்களும் உண்டு என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

பதில் வந்தது. கட்டணத்தைத் திருப்பித் தர அனுமதி. அறவிட்ட எல்லாருக்கும் கொடுக்கலாம், வாடிக்கையாளர் நல்லுறவுக்காக. தகுதிக் காலத்தை மாற்ற இயலாது, அது காப்புறுதிக் கம்பனியின் நிபந்தனை. இணைத்திருந்த படம் மிக அழகு, வங்கியின் அடுத்த வருடக் கலண்டரில் சித்திரை மாதத்துக்குப் பயன்படுத்த வாடிக்கையாளரின் சம்மதம் பெற்று அனுப்பவும்.

மெனேஜர் அதைப் படித்துவிட்டுக் கட்டணம் திருப்பும் தாளில் கையெழுத்துப் போட்டார். கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க எங்களுக்கு அதிகாரம் இருந்தது. மாதத்தைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் இல்லை.

5. "எடுங்க மிஸ்"

அந்த வாரம் அக்கா தனியாக வரவில்லை. வேலாயுதம் அண்ணன் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாசலில் வரிசைக்காக வைத்திருக்கும் கம்பத்தில் இடித்து, அதைத் தட்டிக்கொடுத்து, "மன்னிச்சுக்க தம்பி" என்றார். இடித்தது கம்பம் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆள், வேண்டுமென்றும் சொல்லியிருப்பார்.

கணக்கப்பிள்ளை அவரைப் பால் வெட்டிலிருந்து எடுத்துவிட்டார். புல் வெட்டுக்கு அனுப்பியிருந்தார்.

"மரத்துக்கு என்னையத் தெரியுது மிஸ்" என்றார். "எனக்குத்தான் மரத்தத் தெரியல."

"டொக்டர் என்னா சொன்னாரு?" என்றேன்.

அக்காதான் பதில் சொன்னார். "முத்திக்கிட்டு வருதாம். ஒரு கண்ணையாச்சும் இப்பவே செய்யணும், தள்ளிப் போட்டாக் கஷ்டம்ங்கிறாரு. கொழும்பு என்னா சொல்லுச்சு?"

சொன்னேன். கலண்டர் விஷயத்தைச் சொல்லவில்லை.

மெனேஜர் தன் அறையிலிருந்து எழுந்து வந்தார். மே மாதத்திலிருந்து புதுசாக ஆறு மாதம் எண்ணினால் மறுபடி தகுதி வரும், இப்போது எடுத்துவிட்டால் எல்லாம் போய்விடும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். பொய் சொல்லவில்லை. அக்கறையோடுதான் சொன்னார். அக்காவும் சிங்களத்திலேயே, தடங்கலில்லாமல் பதில் சொன்னார்: "மாத்தயா, காசுக்குப் பொறுத்திருக்கத் தெரியும். கண்ணுக்குத் தெரியாது."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மிஸ், இந்தக் காசு எங்களுதா, பேங்குதா?"

"ஒங்களுதுதான் அக்கா."

"இவ்வளவு நாளா அது எங்களுது மாதிரியே இல்லயே. தொடக் கூடாது, அசைக்கக் கூடாது, எறங்கக் கூடாது. சாமி காசுக்குக்கூட இவ்வளவு கெடுபிடி இல்ல. எடுங்க மிஸ். கொழும்புல அந்த டொக்டர்கிட்டயே போறோம்."

"இவ அந்த மெத்த நாற்காலிக்கு ஆசப்பட்டா" என்றார் அண்ணன், எங்கேயோ பார்த்துச் சிரித்தபடி.

"ஆமா, ஒங்கப்பா வீட்டுல சோபா செட்டு போட்டு வச்சிருந்தாங்க, அதுல உக்காந்து சலிச்சுப் போயி வந்தவ நானு!"

பெஞ்சில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் பணம் எடுக்கும் படிவத்தை நிரப்பினேன். அக்கா கையெழுத்துப் போட்டார், மெதுவாக, ஒவ்வொரு எழுத்தையும் நாற்று நடுவதுபோல ஊன்றி. கண்ணுக்கும் கொழும்பில் தங்கும் செலவுக்கும் தேவையானதை எடுத்தார். மிச்சத்தைச் சாதாரண சேமிப்புக் கணக்கில் போடச் சொன்னார். ரோட்டோரக் காணிக்கு அது போதாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒப்பரேஷனுக்கு வேண்டிய காசு கார்த்திகையிலிருந்தே அவர் பெயரில் இருந்தது. அந்தக் காசைத் தொடாமல் காத்தால் ஒப்பரேஷன் இலவசம் என்று நாங்கள் சொன்னோம். அவர் காத்தார். கண் காத்திருக்கவில்லை.

6. இதிலிருந்து

புதிதாக வருகிற பிள்ளைகளே, விதிகளைப் பிழையில்லாமல் சொல்வீர்கள், அது எனக்குத் தெரியும். நானும் பிழையில்லாமல்தான் சொன்னேன். உங்கள் கவுண்டருக்கு வருகிறவர் மாதக் கட்டணத்தைத் தவிர்க்க வழி கேட்டால், தொகையை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். மாதச் சராசரியைப் பார்க்கிறோமா, எந்த நாளும் இறங்கக் கூடாதா என்று சொல்லுங்கள். சராசரி என்றால், மற்ற நாட்களில் கொஞ்சம் கூடவே இருந்தால், நாலு நாள் காசு வெளியே போய்வரலாம், நாளாந்த மீதி என்றால் ஒரு நாள்கூடப் போக முடியாது. நிலையான வைப்பில் போட்ட காசும் தகுதிக்குச் சேருமா என்று பார்த்துச் சொல்லுங்கள். சேருமென்றால் அதிலேயே போட்டுவிடலாம், பண்டிகைக்கு எடுக்கவும் மனம் வராது. நல்ல நேரத்துக்குப் போட ஒரு சின்னத் தொகையை வீட்டிலேயே தனியாக வைக்கச் சொல்லுங்கள். சலுகை ஒன்றும் தேவைப்படாதவருக்குக் கட்டணமே இல்லாத சாதாரணக் கணக்கு இருக்கிறது, அதையும் வாய் திறந்து சொல்லுங்கள். உங்கள் மாத இலக்கு குறையும். குறையட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் காசு எதுக்கு வச்சிருக்கீங்க? அவசரமான ஒன்றுக்கு என்று பதில் வந்தால், மகுடத்தை மூடி மேசை லாச்சிக்குள் வைத்துவிடுங்கள். சும்மா இருக்கிற காசுக்குத்தான் அந்தச் சலுகைகள். தோட்டத்திலிருந்து வருகிறவர்களிடம் சும்மா இருக்கிற காசு அபூர்வம். ஒவ்வொரு நோட்டுக்கும் ஏற்கனவே ஒரு வேலை கொடுத்திருப்பார்கள்.

ஆடி மாதக் காற்றில் வேலாயுதம் அண்ணன் தனியாக வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வலது கண் செய்தாயிற்று, இடது கண்ணுக்கு அரசாங்க ஆஸ்பத்திரி கொடுத்த நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். பால் வெட்டு இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை, கேட்டுப் பார்த்திருக்கிறார். எல்லாரையும்போல டோக்கன் எடுத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார்.

சுவரில் மகுடத்தின் விளம்பரம் இருந்தது. குடும்பம் ஒன்று புல்வெளியில் சிரித்துக்கொண்டிருக்கும் படம். அண்ணன் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார். சுவருக்கு அருகே போய், இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கீழ் மூலையில் எறும்பு வரிசை மாதிரி இருந்த எழுத்துகளை வாசிக்கத் தொடங்கினார். மெதுவாக, உரக்க, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. "நி-பந்-தனை-களுக்கு உட்-பட்டது. எந்த-வொரு நாளிலும்..." கடைசிவரை வாசித்தார். ஹோல் முழுக்கக் கேட்டது. மெனேஜர்கூட அறை வாசலில் நின்று கேட்டார், தமிழ் அவருக்கு முழுதாகப் புரியாது.

வாசித்து முடித்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ஏன் மிஸ் இத இவ்வளவு பொடிசாப் போட்டிருக்கீங்க?"

"நாங்க போடல அண்ணே. கொழும்புல இருந்து அப்பிடித்தான் அச்சடிச்சு வருது."

அவர் மறுபடி ஒருமுறை அந்த மூலையைப் பார்த்தார்.

"கொழும்புல எல்லாருக்கும் கண்ணு நல்லாத் தெரியும்போல" என்றார்.

வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அடுத்த டோக்கனை அழைத்தேன்.